வாயில் வராத ‘வரேன்’

சேதராப்பட்டு கம்பெனியில் ஷிப்டு முடிந்து கிளம்பும் யாரும் ‘போறேன்’ என்று சொல்ல மாட்டோம். சண்டை போட்டுக்கொண்டு வேலையை விட்டவன்கூட ‘வரேன்’ என்றுதான் கேட்டைத் தாண்டினான். ‘போறேன்’ என்றால் திரும்பி வராத போக்கு. சின்ன வயதிலேயே வீட்டில் திட்டு வாங்கிப் பழகியது அது.

பக்கத்து மெஷினில் நின்றவன் சில மாதமாகவே சரியில்லை. என்னைவிடச் சின்னவன். டிபன் பாக்ஸைத் திறந்து பார்த்துவிட்டு அப்படியே மூடிவிடுவான். “என்னா மாப்ள, மூஞ்சி தொங்கிப்போச்சு? ரெண்டு கட்டிங் உள்ள போனா எல்லாம் சரியாப்பூடும்” என்று சுற்றிலும் கேலி. ஆம்பளைக்குத் தெரிந்த வைத்தியம் அது ஒன்றுதானே, கருமம்!

அன்று மத்தியான ஷிப்டு முடிந்ததும் ஷூவைக் கழற்றி வைத்துவிட்டு, “போறேண்ணே” என்றான். பக்கத்திலிருந்தவர்கள் சிரித்தார்கள். பின்னாலேயே ஓடிப்போய் அவன் வண்டிச் சாவியைப் பிடுங்கினேன்.

“எங்கடா போற?”

“வூட்டுக்குத்தாண்ணே.”

“அப்ப வரேன்னு சொல்லு.”

வாயைத் திறந்தான். அந்தச் சொல் வரவேயில்லை.

“செத்துடலாம்னு இருக்கியாடா?” என்று நேராகவே கேட்டேன்.

ஆமென்று தலையை ஆட்டினான். “ஏன்னு கேக்காதண்ணே, எனக்கே தெரியல. உள்ள ஒண்ணுமே இல்ல.” வண்டி ஸ்டாண்டிலேயே குந்தி உட்கார்ந்து அழுதான். சிரித்தவர்கள் ஒவ்வொருவராக வண்டியை எடுத்துக்கொண்டு நழுவினார்கள்.

அவனை என் வண்டியில் ஏற்றி நேரே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். தவளக்குப்பத்திலிருந்து அவன் மனைவி வந்து சேரும்வரை கையை விடவில்லை. மாத்திரையும் டாக்டரம்மாவிடம் பேச்சுமாகச் சில வாரம் ஓடியது. உயிர் தங்கியது.

மறுபடி வேலைக்கு வந்த அன்று மேலாளர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். “அவன் மேல ஒரு கண்ணு வெச்சிக்கப்பா. என்னா பண்றதா இருந்தாலும் கேட்டுக்கு வெளிய போயி பண்ணிக்கட்டும்.”

பாவி மனுஷன்! ஓங்கி ஒன்று விடலாமா என்றிருந்தது. வெளியே வந்தேன்.

அவன் கதவருகிலேயே காத்திருந்தான். “சார் என்னண்ணே சொன்னாரு?”

“நீ ஒழுங்கா சாப்புடுறியான்னு கேட்டாரு.”

“என்னையா? நெசமாவா?” என்றான். அவன் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததேயில்லை. ஆமாண்டா என்றேன்.