சங்குக்காரர் சடையப்பன்

நகராட்சியில் நேரம் சொல்லும் மின்சாரச் சங்கு ஊதுவதென்றால் பொத்தானை அமுக்கிவிட்டு பீடி பிடிக்கிற வேலை என்றுதான் ஊர் நினைத்தது. ஆரணியில் தறிக்காரர் முதல் ஓட்டல்காரர் வரை அந்தச் சத்தத்துக்குத்தான் எழுந்தார்கள், சாப்பிட்டார்கள். கொஞ்சம் தாமதமானால் போதும், ஆபீசுக்கே வந்து கத்துவார்கள். கிளார்க்காக இருந்த நான்தான் வாங்கிக் கட்டிக்கொள்வேன். ஊதுகிற மனுஷன் என்ன பாடுபடுகிறார் என்று ஒரு ஆள் கேட்டதில்லை.

சடையப்பனுக்கு இடது கால் முழங்காலுக்குக் கீழே கிடையாது. பட்டாளத்தில் இருந்தபோது, எழுபத்தொன்று பாகிஸ்தான் சண்டையில் போனது. வீட்டில் மூன்று பிள்ளைகள். குடும்பத் தொழில் தறிதான், ஆனால் தறிக்குழியில் இறங்கி மிதிக்க இரண்டு காலும் வேண்டுமே. மனைவி கெங்கம்மாள் நூல் சுற்றிக் கொடுத்ததில் அடுப்பு எரிந்தது. சில நாள் அதுவும் எரியவில்லை. அரசாங்க வேலைக்காக வருஷக்கணக்கில் வேலூருக்கு பஸ் ஏறி இறங்கினார். வாட்ச்மேன் என்றால் ஓட வேண்டும் என்றார்கள், பியூன் என்றால் மாடி ஏற வேண்டும் என்றார்கள். சண்டைக்கு ஆள் எடுக்கும்போது மட்டும் இவ்வளவு யோசிப்பதில்லை!

எழுபத்தாறில் எங்கள் ஆபீசில் சங்கு ஊத ஆள் தேவைப்பட்டது. மேனேஜர் பெரியநாயகம் நல்ல மனுஷர்.

"நின்ன எடத்துல செய்யற வேலைதான்யா. எங்க, ஒரு தபா ஊதிக் காட்டு" என்றார்.

சடையப்பன் பொத்தானை அமுக்கினார். சங்கு அலறத் தொடங்கியதுதான் தாமதம், ஊன்றுகோல் ஒரு பக்கம் பறக்க, தலையைக் கைகளால் மூடிக்கொண்டு குப்புற விழுந்தார். சத்தம் நின்ற பிறகும் எழவில்லை. நானும் மேனேஜருமாகத் தூக்கி நிறுத்தினோம்.

"ஒனக்கு இது தோதுப்படாதுய்யா. தப்பா நெனக்காத" என்றார் மேனேஜர்.

"இன்னொரு தபா குடுங்க சார். பசங்க பட்டினி கெடக்குது" என்றார் சடையப்பன்.

தோளில் கிடந்த துண்டை எடுத்து, இடுப்பை ஜன்னல் கம்பியோடு சேர்த்து இறுக்கிக் கட்டினார். மறுபடி அமுக்கினார். உடம்பு கீழே விழத் துடித்தது, துண்டு விடவில்லை. கண்ணீர் வழிய வழியக் கடைசி வரை ஊதினார். மேனேஜர் உத்தரவில் கையெழுத்துப் போட்டார்.

அன்றிலிருந்து ஒவ்வொரு சங்குக்கும் அப்படித்தான் கட்டிக்கொண்டு நின்றார். பிள்ளைகள் வயிறாரச் சாப்பிட்டன, படித்தன. எண்பத்துநாலில் மூத்தவள் குணசுந்தரிக்கு டீச்சர் வேலை கிடைத்தது. இனியும் இந்தச் சித்திரவதை எதற்கென்று, புதிதாக வந்த மேனேஜரோடு மல்லுக்கு நின்று, ரெக்கார்டு ரூமில் அவருக்கு ஒரு நாற்காலி வேலை வாங்கினேன். அதே சம்பளம். பெருமையோடு ஓடிப்போய்ச் சொன்னேன்.

"வேணாம் சார்" என்றார்.

எனக்கு வந்ததே கோபம். "இன்னாங்க, பைத்தியமா உங்களுக்கு?"

அவர் ஜன்னலைப் பார்த்தபடி பேசினார்.

"பஞ்சாபுல குண்டு போட ஏரோப்ளேன் வந்துகினு இருக்குது. அபாயச் சங்கு கத்துது. என் சிநேகிதன், தேசூர் தருமன், பதுங்கு குழிக்குள்ள நின்னுகினு என்னப் பாத்துக் கைய ஆட்டிக் கத்தறான். வான்னு கூப்புட்டானா, வராதேன்னு தடுத்தானா, சங்குச் சத்தத்துல ஒண்ணும் கேக்கல. நான் அப்பிடியே நின்னுட்டேன். குண்டு குழிலயே உழுந்திச்சு. எனக்குக் காலோட போச்சு."

தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறினார்.

"பசங்களுக்காகத்தான் சார் இதுல சேந்தேன். அதுங்க பொயச்சிக்கிச்சுங்க. ஆனா ஒவ்வொரு தபாவும் சங்கு ஊதறப்போ, அவன் இந்த ஜன்னலாண்ட வந்து நின்னுகினு கத்தறான். நான் போய்ட்டா அவன் யாராண்ட சார் சொல்லுவான்?"

எனக்குப் பயமாக இருந்தது. ஜன்னல் பக்கம் திரும்பத் துணிவு வரவில்லை. மதியச் சங்குக்கு நேரமாகிவிட்டது. சடையப்பன் துண்டைக் கட்டிக்கொண்டு, காதைக் கம்பியோரம் சாய்த்து, பொத்தானை அமுக்கினார். வெளியே தெருவில் போனவர்கள் நின்று, கைக்கடிகாரத்தைச் சரிபார்த்துக்கொண்டு போனார்கள்.