ஒரு கையால் போடும் சட்டை

சட்டை தைக்கும் கம்பெனியில் பதினெட்டு வருஷம் அவளுக்குக் கடைசி மேசைதான் இடம். தைத்து முடித்த சட்டைகள் அந்த மேசையைத் தாண்டித்தான் பெட்டிக்குள் போகும். காலர் நூலிழை கோணியிருந்தாலும் சட்டையைத் திருப்பி வைத்துவிட்டு, "பிரிச்சுத் தைங்க" என்பாள். மேலே ஒரு வார்த்தை பேசமாட்டாள். அவள் சொந்தப் பேரை அங்கே யாரும் சொன்னதில்லை. மேனேஜர் முதல் வாட்ச்மேன் வரை எல்லாருக்கும் அவள் பிரிச்சுத்தை அக்காதான்.

கம்பெனியை மூடியபோது வீட்டின் முன்னறையிலேயே தையல் கடை போட்டாள். பேன்ட் நீளம் குறைப்பது, ஜிப் மாற்றுவது, திரைச்சீலைக்கு ஓரம் அடிப்பது என்று வேலை வந்துகொண்டிருந்தது. கணவர் பஸ் டிரைவர். இரண்டு பேருக்கும் நாள் ஓடிப் போனது.

அப்போதுதான் தம்பிக்கு அடிபட்டது. அவன் எலக்ட்ரீஷியன். ஏணியோடு சரிந்ததில் வலது தோளில் நரம்பு அறுந்து, கை தோளிலிருந்து துணிபோலத் தொங்கிவிட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து நேராக அக்கா வீட்டுப் பின்னறைக்குத்தான் வந்தான். மடிப்புக் கலையாத சட்டை இல்லாமல் வாசல்படி இறங்காதவன், கழுத்து தொய்ந்த ஒரே பனியனோடு ஒன்றரை மாதம் கிடந்தான். அவள் சட்டை மாட்டிவிடப் போனால் முகத்தைத் திருப்பிக்கொள்வான்.

"எனக்கு முப்பத்தெட்டு வயசாகுதுக்கா. நீ பட்டன் போட்டுவிட்டுத்தான் நான் வெளிய போகணும்னா, நான் வெளியவே போகல."

அவள் பீரோவைத் திறந்தாள். அவனுடைய நீலச் சட்டை ஒன்றை எடுத்து வலது பக்கத் தையலைக் கை நுனியிலிருந்து இடுப்புவரை பிரித்தாள். பிரித்த இடத்தில் மூன்று பிரஸ் பட்டன் வைத்தாள். தலை நுழைய மேல் இரண்டை விட்டு, மற்ற முன்பக்கப் பட்டன்களை எல்லாம் மூடித் தைத்துவிட்டாள். இப்போது தலைவழியாக மாட்டி, செத்த கையின் மேல் துணியைப் போர்த்தி, பக்கவாட்டில் இடது கையால் அழுத்தினால் போதும். மறுநாள் காலை தம்பி அந்தச் சட்டையோடு தனியாகக் கிளம்பிப் போய் முடி வெட்டிக்கொண்டு வந்தான்.

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் பிசியோதெரபி அறையில் அவனோடு உட்கார்ந்திருந்தபோது, சுவரோர பெஞ்சில் இன்னும் ஆறு பேர் அதே மாதிரி தொய்ந்த பனியனோடு இருந்ததை அவள் கண் பார்த்துவிட்டது. பார்த்த பிறகு சும்மா இருக்க அவளால் முடியவில்லை. சட்டையை எப்படி வெட்டுவது, எங்கே பிரிப்பது என்று அளவோடு படம் வரைந்தாள். போனிலேயே தட்டுத்தடுமாறி ஒரு வெப்சைட் கட்டி, யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம் என்று அதில் போட்டுவைத்தாள்.

மூன்று மாதத்துக்குப் பிறகும் ஒரு நாளைக்கு நாலு பேர்தான் அதைப் பார்க்க வந்தார்கள்.

"அந்த நாலுல மூணு நீ, ஒண்ணு நான்" என்றார் கணவர், ஷூ லேஸைக் கட்டிக்கொண்டே.

சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுப் பார்த்தாள். எல்லாரும் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்கள். ஒருவரும் திறந்து பார்க்கவில்லை. மறுநாள் விடிந்ததும் இருபது காலை வணக்கப் படங்களுக்கு அடியில் அது புதைந்துபோனது.

வழி காட்டியது திரைச்சீலைக்கு ஓரம் அடிக்க வந்த ஒரு டீச்சர். இந்த மாதிரி மடிப்பு வேண்டும் என்று போனில் ஒரு படத்தைக் காட்டினார். பின்டரெஸ்ட்டில் தேடி எடுத்தாராம். அங்கே அரட்டை கிடையாது, வேண்டியதைத் தேடினால் படம் படமாக வரும், பிடித்ததைத் தொட்டால் அதைச் செய்தவருடைய வெப்சைட்டுக்கே கூட்டிப் போகும் என்றார். அக்கா கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டுக் கேள்விமேல் கேள்வி கேட்டாள். அந்தப் படம் போட்டு நாலு வருஷமாகிவிட்டது என்று தெரிந்ததும் அவளுக்கு நிமிர்ந்து உட்காரத் தோன்றியது. நாலு வருஷத்துக்கு முன்னால் போட்ட படம் இன்றைக்கும் ஆளைக் கூட்டி வருகிறதென்றால், அங்கே போடும் உழைப்பு வீணாகாது.

மத்தியானம் இரண்டிலிருந்து நாலு வரை கடைக்கு ஆள் வராது. அந்த நேரத்தை இதற்கு ஒதுக்கினாள். சட்டையை ஹேங்கரில் மாட்டி, பக்கத்தில் பூ ஜாடி வைத்து, ஜன்னல் வெளிச்சத்தில் படம் எடுத்தாள். 'வசதியான ஆடை வடிவமைப்பு' என்று கீழே எழுதினாள். இரண்டு மாதத்தில் அறுபது படம் போட்டாள். நாலு பேர் ஏழு பேரானார்கள்.

கணவர் படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு. கல்யாணப் பத்திரிகை மாதிரி" என்றார். அவளுக்குச் சுருக்கென்றது. அவர் சொன்னதில் தப்பில்லை என்பதால் இன்னும் கொஞ்சம் சுருக்கென்றது.

இடையில் ஒருவன் போன் செய்து, உங்கள் வெப்சைட்டுக்கு வாரத்துக்குப் பத்தாயிரம் பேரை அனுப்புகிறேன், ஒருநாள் இலவசமாகப் பாருங்கள் என்றான். சரி என்றாள். மறுநாள் தொள்ளாயிரம் பேர் வந்தார்கள். ஒருவர்கூட இரண்டு வினாடிக்கு மேல் நிற்கவில்லை. இவர்கள் ஆட்களே இல்லை என்று அவளுக்குப் புரிந்துபோனது. அவன் மறுபடி கூப்பிட்டபோது, கடை வாசலில் பொம்மையை நிறுத்திக் கூட்டம் காட்டுகிற வேலை தனக்கு வேண்டாம் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள்.

ஹேங்கரில் தொங்குகிற சட்டை எதையும் சொல்லவில்லை, உடம்பில் போட்டுக் காட்டினால்தான் புரியும் என்று தோன்றியது. தம்பியைக் கேட்டாள். என் கையை உலகம் பூரா பார்க்கணுமா என்று அவன் எழுந்து போய்விட்டான். அவள் வற்புறுத்தவில்லை. தன் வலது கையையே துப்பட்டாவால் இடுப்போடு இறுக்கிக் கட்டிக்கொண்டு, பீரோ கண்ணாடி முன்னால் நின்று, அவன் சட்டையை ஒற்றைக் கையால் மாட்டிப் பார்த்தாள்.

இடுப்புப் பட்டன் டக்கென்று மாட்டியது. விலாப் பட்டனும் மாட்டியது. அக்குளுக்குக் கீழே இருந்த மூன்றாவது பட்டன் மாட்டவே இல்லை. அழுத்தினால் துணி உள்ளே போகிறது, பட்டன் கூடவே போகிறது. கால் மணி நேரம் போராடினாள். கழுத்தெல்லாம் வேர்த்து, கட்டைவிரல் நகக்கண் சிவந்துபோனது. கட்டை அவிழ்க்காமலே பின்னறைக்குப் போனாள்.

"இந்த மூணாவது பட்டன நீ எப்படிப் போடுற?"

தம்பி அவள் கோலத்தைப் பார்த்தான்.

"போடுறதில்லக்கா."

"எத்தன நாளா?"

"மொத நாள்லருந்தே. கைய ஒட்டி வச்சுக்கிட்டா தெரியாது."

"ஏன்டா சொல்லல?"

"நீ ஆசையா தைச்சுக் குடுத்த. அதுல போய் நான் குத்தம் சொல்லவா?"

"பதினெட்டு வருஷம் மத்தவங்க தைச்சதுல குத்தம் சொல்லித்தான் சோறு தின்னேன். என் தையலுக்கு மட்டும் நீ சலுகை காட்டுவியா? கழட்டு. பிரிக்கணும்."

அன்றே வெப்சைட்டிலிருந்து அந்த வரைபடத்தை எடுத்துவிட்டாள். அதுவரை பதினொரு பேர் இறக்கியிருந்தார்கள். அந்தப் பதினொரு வீட்டிலும் ஒரு பட்டன் திறந்தே கிடக்கும் என்ற நினைப்பு சோற்றில் கல்லாகக் கடிபட்டது.

ஒன்பது நாள் பிரித்துப் பிரித்துத் தைத்தார்கள். ஆமாம், தைத்தார்கள், தம்பிதான் போட்டுப் பார்த்துச் சரி, சரியில்லை என்று சொன்னான். துணிக்கு அடியில் எலும்பு இருக்கிற இடத்தில்தான் பிரஸ் பட்டன் ஒற்றைக் கைக்கு வசப்படுகிறது, அக்குள் குழியில் அழுத்துவதற்கு ஆதாரம் இல்லை. அது தெரிந்ததும் மூன்றாவது பட்டனை விலா எலும்பின் மேலே இறக்கினாள். அக்குளில் பட்டனே வேண்டாம் என்று வெல்க்ரோ வைத்தாள். தொங்குகிற கையின் கனமே அதை அழுத்தி ஒட்டிவிட்டது. தம்பி கையை மெல்ல விட்டு விட்டுப் பார்த்தான். அடிபட்ட பிறகு அந்தக் கை செய்த முதல் வேலை அது.

அன்றிரவே புது வரைபடத்தை வெப்சைட்டில் ஏற்றினாள். மறுநாள் தம்பி அவனாகவே வந்து நின்றான். "முகம் வேணாம். கை மட்டும் எடுத்துக்கோ" என்றான். பிறகு, "நீ எழுதியிருக்கறதும் தப்புக்கா. ஆடை வடிவமைப்புன்னு எவன் தேடுவான்? ஆஸ்பத்திரிக் கட்டில்ல படுத்துக்கிட்டு எடது கட்டைவிரலால நான் என்ன தேடினேன் தெரியுமா?"

"என்ன?"

"ஒரு கையால சட்டை போடுறது எப்படின்னு."

அவள் அதை அளவு நோட்டில் எழுதிக்கொண்டாள். அடுத்த முறை பிசியோதெரபி அறைக்குப் போனபோது பெஞ்சில் இருந்தவர்களிடமும் கேட்டாள். நீங்கள் தேடினால் என்னவென்று தேடுவீர்கள்? கட்டுப் போட்ட கைக்குச் சட்டை. பக்கவாதம் வந்த அப்பாவுக்கு உடை மாற்றுவது. ஒவ்வொருவர் சொன்னதையும் அவர்கள் வார்த்தையிலேயே ஒரு படத்துக்குத் தலைப்பாக்கினாள். பூ ஜாடி போனது. பின்னால் சாம்பல் நிறப் போர்வை, நெட்டுவாக்கில் படம், ஒரு படத்துக்கு ஒரே ஒரு படி. தொட்டால் அந்தப் படியைச் சொல்லும் பக்கமே திறக்கும்படி வைத்தாள். வாரத்துக்கு ஐந்து படம். ஐந்துக்குக் குறையவும் விடவில்லை, ஆசைப்பட்டு ஐம்பது போடவும் இல்லை.

மூன்றாம் மாதம் ஒரு நாளைக்கு முப்பது பேர் வந்தார்கள். நாலாம் மாதம் அது பதினெட்டாக இறங்கியது. டிரைவருக்கே பொறுக்கவில்லை, இத்தனை பாடுபட்டும் இவ்வளவுதானா என்று கேட்டார். இறக்கிக்கொள்கிறவர்கள் குறையவில்லையே என்றாள் அவள். சத்தமில்லாமல் அடுத்த ஐந்து படத்தை எடுத்தாள்.

ஏழாம் மாதம் ஒரு திங்கட்கிழமை, கடை திறந்து மெஷினுக்கு எண்ணெய் விட்டுவிட்டுப் போனைப் பார்த்தாள். நானூற்றுப் பன்னிரண்டு பேர். மறுபடி எவனோ பொம்மைகளை அனுப்பிவிட்டான் என்றுதான் நினைத்தாள். ஆனால் இவர்கள் நின்றார்கள், ஆறு நிமிஷம், எட்டு நிமிஷம். ஐந்து மாதத்துக்கு முன்னால் போட்ட அந்த அக்குள் வெல்க்ரோ படம்தான் ஆட்களைக் கொண்டுவந்திருந்தது. உள்ளதிலேயே அழகில்லாத படம் அது; தொய்ந்த விரல்கள் நன்றாகத் தெரியும். அது ஏன் அந்த வாரம் எழுந்தது என்று அவளுக்குக் கடைசிவரை தெரியவில்லை. யாரோ ஒருவர் அந்தப் படத்தைத் தன் சேகரிப்பில் எடுத்துவைத்திருந்தார். அந்தச் சேகரிப்புக்கு 'அப்பா வீட்டுக்கு வந்த பிறகு' என்று பேர். அவள் அந்த நாலு வார்த்தையைத் தம்பியிடம் காட்டினாள். அவன் படித்துவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்தான். மத்தியானம் வழக்கத்துக்கு முன்னாலேயே சாம்பல் போர்வையை விரித்து வைத்துவிட்டு அவளுக்காகக் காத்திருந்தான்.

எண்ணிக்கை ஏறியும் இறங்கியும் ஏறியது. இப்போது ஒன்றரை வருஷம் ஆகிறது. ஒரு நாளைக்கு இரண்டாயிரம் பேர் வருகிறார்கள். முன்னறையில் இரண்டாவது மெஷின் வந்துவிட்டது. தைத்தே அனுப்பச் சொல்லிக் கேட்கிறவர்களுக்கு அளவு எப்படி எடுப்பது என்று தம்பிதான் இடது கையால் பதில் எழுதுகிறான். ஒரு பெண், தன் கணவருக்கு விழுந்தது இடது கை, உங்கள் படத்தைக் கண்ணாடியில் காட்டிப் பார்த்து வெட்டினேன், காலர் தப்பாகிவிட்டது என்று எழுதியிருந்தார். அக்காவும் தம்பியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இடது கை என்ற ஒன்று இருப்பதே இருவருக்கும் தோன்றியிருக்கவில்லை. அந்த வாரத்து ஐந்து படமும் இடது கைக்கே போயின.

போன வாரம் ஒரு நர்ஸ் கேட்டிருந்தார். நாள் முழுக்கச் சக்கர நாற்காலியில் இருப்பவர்களுக்குப் பேன்ட்டின் பின்பாக்கெட் உறுத்திப் புண்ணாகிறது, ஏதாவது செய்ய முடியுமா? அவள் ஸ்டூலைத் தள்ளிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்து, எங்கே எலும்பு படுகிறது என்று அசைந்து அசைந்து பார்த்தாள். பிறகு உள்ளே குரல் கொடுத்தாள்.

"ஏங்க, உங்க பழைய பேன்ட் ஒண்ணு வேணும். பிரிக்கணும்."

டிரைவர் கதவருகே வந்து நின்றார்.

"பழசுன்னு நீ சொல்றது இப்ப நான் போட்டிருக்கறதயா?"

"அதுவும் சரிதான்" என்றாள் அவள். பிரிப்பூசியைக் கையில் எடுத்துவிட்டிருந்தாள்.