கடைசிப் பக்கத்தை முதலில் பார்த்தேன்

ஏற்காடு மலையில் நாகலூர் எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறிக்கிறேன். தினமும் பஸ்ஸில் சேலம் போய்க் கல்லூரியில் படிக்கும் என் மகள், தோழியிடம் இங்கிலீஷில் வந்த ஜப்பானியப் படக்கதைப் புத்தகம் ஒன்றை இரவல் வாங்கி வந்திருந்தாள்.

எனக்கு இங்கிலீஷ் தெரியாது. நம் புத்தகம்போலவே இடப்பக்கமிருந்து திறந்தேன். எடுத்தவுடன் ஒரு பெண் ஆற்றில் பிணமாக மிதந்தாள். என் தங்கையும் கிணற்றில் விழுந்துதான் செத்தாள். இதையா என் பெண் படிக்கிறாள் என்ற பயத்தில், எரிகிற அடுப்பில் அதைச் செருகிவிட்டேன்.

சாயங்காலம் வந்த மகளிடம் பார்த்ததையும் எரித்ததையும் சொன்னேன். அவள் கத்தவில்லை.

"அது கடைசிப் பக்கமுங்கம்மா. அதை வலப்பக்கமிருந்து படிக்கோணும். நொம்பப் பழைய நாவலு, படமாப் போட்டிருக்காங்க. முடிச்சுட்டு அந்த நாவலையே படிக்கலாம்னு இருந்தேனுங்க."

"வேற வாங்கிக்கலாம் கண்ணு."

"வேண்டாமுங்க."

தோழி அதன்பிறகு புத்தகம் தருவதில்லை. மகளும் கேட்பதில்லை.

இப்போதெல்லாம் மகளிடம் கேட்காமல் எந்தத் தாளையும் நான் எரிப்பதில்லை. கடலைப் பொட்டலம் கட்டிய காகிதத்தைக்கூட நீட்டிக் கேட்கிறேன்.

"எரிச்சுக்குங்கம்மா" என்கிறாள், திரும்பிப் பார்க்காமலே.