பீடத்தின் மூன்று துணிகள்

பூசைப் பொருட்கள் வைக்கும் அறையில் பீரோவின் கதவு கிறீச்சிட்டது. சமையலறையில் பருப்பு கடைந்துகொண்டிருந்த லில்லியின் கை அப்படியே நின்றுவிட்டது. கன்னியர் சபையின் மாநிலத் தலைவி மதர் எவாஞ்சலின், சொல்லாமல் கொள்ளாமல் வந்து, மடத்தைச் சோதித்துக்கொண்டிருந்தார்.

பீரோவில் இனி ஒன்றும் கிடைக்காது. வாசலில் ஆட்டோ நின்றதுமே லத்தீன் பூசைப் புத்தகத்தையும், செபங்கள் அச்சிட்ட மூன்று அட்டைகளையும் லில்லி அரிசி டிரம்முக்குள் புதைத்துவிட்டாள்.

கே.ஜி.கண்டிகையில் பிறந்தவள் அவள். லாரி மெக்கானிக்கான கணவன் இறந்த முப்பதாம் நாள், கைக்குழந்தையோடு மாதா கோயில் வாசலில் நின்றவளை, அந்தக் கோயில் பாதிரியாரான சைமன் சாமிதான் திருத்தணிக்கு அழைத்துவந்து இந்தக் கன்னியர் மடத்துச் சமையலில் சேர்த்துவிட்டார். இருபத்திரண்டு வருடம் ஓடிவிட்டது. மகள் நர்ஸ் ஆகிவிட்டாள். சாமிக்கு இப்போது எண்பத்தெட்டு வயது. அதே மடத்தின் பின்னறையில், லில்லி ஊட்டும் கஞ்சியில்தான் அவர் உயிர் ஒட்டிக்கொண்டிருக்கிறது. காலையில் சாப்பிட்டது மதியம் ஞாபகமில்லை. தமிழ்ப் பூசை அடியோடு மறந்துபோயிற்று. இளமையில் கற்ற லத்தீன் பூசை மட்டும் ஓர் எழுத்துப் பிசகாமல் நிற்கிறது.

ஆயரின் அனுமதி இல்லாமல் பழைய லத்தீன் பூசை கூடாது என்று சபையிலிருந்து இரண்டு கடிதங்கள் வந்தாயிற்று. மீறினால், தெற்கே எங்கோ இருக்கும் முதிய குருக்கள் இல்லத்துக்கு அவரைக் கொண்டுபோய்விடுவார்கள். அங்கே யார் ஊட்டுவார்கள்?

"லில்லி, இங்க வாம்மா."

குரல் சிற்றாலயத்திலிருந்து வந்தது. போய்ப் பார்த்தால், மதர் பீடத்து விரிப்பின் ஓரத்தைத் தூக்கிப் பிடித்திருந்தார். அதன் கீழே இன்னொரு துணி. அதற்கும் கீழே ஒன்று. இப்போதைய பூசைக்கு ஒரு துணி போதும். மூன்று விரிப்பது பழைய முறை. புத்தகத்தை ஒளித்தவள், தினமும் தன் கையால் விரிப்பதை மறந்துவிட்டாள்.

"எதுக்கு மூணு?"

பொய் சொல்ல நாக்கு எழவில்லை.

"சாமிக்குக் கை நடுங்குதுங்க மதர். திராட்ச ரசம் சிந்துனா பீடத்துக் கல்லுக்குப் போவக் கூடாதுன்னு அவருதான் சொல்லிக் குடுத்தாரு. ஆண்டவரு ரத்தமாச்சே."

வெளியாட்கள் வருகிறார்களா என்று மதர் கேட்டார். தான் ஒருத்திதான் என்றாள் லில்லி.

மதர் அடியிலிருந்த இரண்டு துணிகளையும் உருவி, மடித்து, அவள் கையில் வைத்தார். தான் கீழ்ப்படிவதாக வார்த்தைப்பாடு கொடுத்தவள் என்றார். ஆயருக்கு இன்றே எழுதிக் கேட்பதாகவும், பதில் வரும்வரை பழைய பூசை கூடாதென்றும், ஆயர் மறுத்துவிட்டால் தானே வந்து சாமியை அழைத்துப்போவதாகவும் சொன்னார்.

"விடிஞ்சதும் அதாங்க கேப்பாரு. நான் இன்னான்னு சொல்றது?"

மதர் வெளியே நடந்தார். வாசற்படியில்தான் திரும்பினார். அரக்கோணத்துக்காரர், பேச்சில் ஊர் வந்துவிட்டது.

"முந்தானைய உதறிக்கோ. அரிசி ஒட்டிகினு இருக்குது."

லில்லியின் கை முந்தானைக்குப் போனது.

"பொஸ்தகம் அங்கயே இருக்கட்டும். பதில் வரட்டும், பாக்கலாம்."

ஆட்டோ கிளம்பியது. பின்னறையிலிருந்து, பீடம் தயாரா என்று சாமி கேட்டார். இரண்டு துணிகளையும் மார்போடு இறுக்கிக்கொண்டு, லில்லி சிற்றாலயத்தின் கதவை வெளியிலிருந்து சாத்தித் தாழிட்டாள்.