பக்கத்து வகுப்பு பெட்டர்

ஸ்போக்கன் இங்கிலீஷ் வாத்தியார் வேலையில் வெயில் கிடையாது, உப்புக்காற்று கிடையாது. பக்கத்து வகுப்பில் எழும் சிரிப்புச் சத்தம் ஒன்றுதான் உடம்பைக் கெடுக்கும். இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு நான் சொல்வது புரியும். தூத்துக்குடி துறைமுகச் சாலையில் ஒரு மாடி. அங்கே எனக்கு ஒரு வகுப்பு. பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் நாசரேத்துக்கார ஜெபமலர் டீச்சருக்கு ஒரு வகுப்பு. 'குட்' என்பதற்கு அடுத்த படியான 'பெட்டர்' என்ற சொல்லால் நான் பட்ட பாடு இது.

காய்ச்சலுக்குப் பின்

ஒரு வாரம் காய்ச்சலில் படுத்துவிட்டேன். என் வகுப்பையும் டீச்சரே பார்த்துக்கொண்டார். திரும்பி வந்த அன்று, உடம்பு தேறியதைச் சொல்லவும் 'பெட்டர்' உதவும் என்று என்னையே உதாரணமாக வைத்து நடத்தினேன். கிரேன் ஓட்டும் அந்தோணி அண்ணாச்சி அக்கறையோடு எழுந்தார்.

"முழுசா பெட்டர் ஆவுற வரைக்கும் ரெஸ்ட் எடுங்க சார். அவசரமே இல்ல. டீச்சர் நல்லாத்தான் நடத்துதாவ."

கேப்டனுக்குப் போன மெயில்

கப்பல் ஏஜென்சியில் வேலை பார்க்கும் முத்துராஜ் வியர்த்து விறுவிறுத்து வந்தான். 'நீங்கள் ஆபீசுக்கு வந்தால் நல்லது' என்று பணிவாகச் சொல்வதாக நினைத்து, ஒரு கேப்டனுக்கு 'யூ ஹேட் பெட்டர் கம்' என்று மெயில் அனுப்பியிருக்கிறான். அவர் மேனேஜரைக் கூப்பிட்டுக் கத்திவிட்டாராம்.

விடுவேனா? அந்த இடத்தில் 'பெட்டர்' எதையும் ஒப்பிடவில்லை, 'மரியாதையாக வந்துவிடு' என்று மிரட்டுகிறது என்பதை போர்டு நிறைய எழுதி விளக்கினேன். தடுப்புக்கு அந்தப் பக்கமும் கேட்கட்டும் என்று குரலை உயர்த்தினேன். முத்துராஜ் தலையாட்டினான்.

"ஆமா சார், வாசல்ல வச்சு டீச்சரும் இதத்தான் சொன்னாவ. ரெண்டே வரியில."

பெட்டர் ஹாஃப்

மனைவியை ஆங்கிலத்தில் 'பெட்டர் ஹாஃப்' என்பார்கள். நம்மைவிட நல்ல பாதி. என் நல்ல பாதி செல்வி, ஒரு கப்பல் கம்பெனி இன்டர்வியூவுக்காக இங்கிலீஷ் பேசப் பழக வந்தாள். ஜெபமலர் டீச்சரின் வகுப்புக்கு! இந்தப் பக்கம் நின்று அத்தனை சிரிப்பிலும் அவள் சிரிப்பை மட்டும் பிரித்துக் கேட்டுக்கொண்டிருந்தேன். மத்தியானம் சோற்றுக்கு உட்கார்ந்ததும், என் வகுப்புக்கு ஏன் வரவில்லை என்று கேட்டே விட்டேன்.

"நீங்க திருத்துனா கோவம் வருது. அவுக திருத்துனா இங்கிலீஷ் வருது."

இன்டர்வியூ

வேலை கிடைத்துவிட்டது. மக்ரூன் இனிப்புப் பொட்டலத்தோடு வந்தாள். எனக்குச் சந்தோஷம்தான், சத்தியமாகச் சந்தோஷம்தான். அப்படி என்ன கேட்டார்கள் என்றேன்.

"ஒங்க இங்கிலீஷ் எப்படின்னு கேட்டாவ. 'பெட்டர் தேன் மை ஹஸ்பண்ட்'னு சொன்னேன். அவரு என்ன பண்ணுதாருன்னாவ. இங்கிலீஷ் வாத்தியார்னேன். ஒடனே எடுத்துக்கிட்டாவ!"

'குட்' தனியாக நின்றுகொள்ளும், 'பெட்டர்' நிற்கத்தான் பக்கத்தில் கொஞ்சம் குறைச்சலான ஒருவர் வேண்டும், அந்த உத்தியோகத்தைத்தான் நான் பார்த்து வருகிறேன்.