இரண்டு கட்டங்களுக்கு நடுவே

ஒரே படத்தை ஏழு துண்டாகக் காட்டி, ஏழும் ஒன்றுதான் என்று நம்பவைக்கத் தெரிந்தவர்கள் இந்த அண்டசராசரத்தில் இரண்டே பேர். ஒருவர் கடவுள், அவர் வானவில்லோடு நிறுத்திக்கொண்டார். இன்னொருவர், பேருந்து நிலையத்துக்குப் பின்னால் உள்ள அச்சுக்கடையில் பஞ்சு பிதுங்கிய நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் மாமா. கடவுளுக்குச் சந்தேகம் வந்தால் மாமாவுக்குத்தான் போன் போடுவார். மாமா எடுக்க மாட்டார், வேலை நேரம்.

திரையில் வட்டமோ அறுகோணமோ வேண்டிய மட்டும் வரைவார் மாமா. எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்துக் கட்டுவார். கட்ட மறந்தால் போச்சு, படம் ஒரே கட்டத்துக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். கட்டியபின் ஒரு போட்டோவைப் பின்னால் வைத்து ஒரு சொடுக்கு. ஏழு ஜன்னல் வழியாக ஒரே கடல் தெரிகிற மாதிரி இருக்கும். "வெட்டின மிச்சத்தையும் குடுத்துடுங்க" என்று கேட்ட வாடிக்கையாளர்கூட உண்டு.

"மிச்சம் எங்கயும் போகலைங்க. பின்னாடி மறைஞ்சு இருக்கு, அவ்வளவுதான்" என்பார் மாமா.

இந்த வித்தை அவருக்கு வந்ததே அவருடைய அக்காவால்தான். கம்ப்யூட்டர் வகுப்பு இருந்த சந்தில் ஒரு நாய் இருந்தது. பதினெட்டு வயது ஆண்பிள்ளையான மாமா அதைக் கண்டால் பல்லியாகச் சுவரில் ஒட்டிக்கொள்வார். ஆறு மாதம் அக்கா குடையும் கையுமாகக் கூடவே வந்தாள்; வகுப்பு முடியும்வரை படிக்கட்டில் காத்திருந்தாள். வெளியே ஒருவரிடமும் மூச்சு விடவில்லை. மாமாவின் மானம் இன்றுவரை கப்பலேறாமல் இருப்பது அந்தக் குடையின் புண்ணியம்.

மூன்று வருடத்துக்கு முன்னால் மாமா வீடு கட்டினார். கூடத்துச் சுவருக்குக் குடும்பப் படம் ஒன்றை ஏழு அறுகோணமாகச் செய்தார். நடுவில் அப்பா அம்மா, பக்கத்தில் மாமி, பிள்ளைகள். வலது ஓரத்தில் மாமா, பெல்ட் தெரிய நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு. இடது பக்கம் அக்கா. அச்சுக்கு அனுப்பும் முன் பார்த்தார். இரண்டு கட்டங்களுக்கு நடுவே இருந்த இடைவெளியில் அக்காவின் முகம் சரியாக விழுந்திருந்தது. ஒரு கட்டத்தில் அவள் காது, இன்னொன்றில் தோள்.

அம்புக்குறி விசையை நாலு தட்டு தட்டினால் படம் வலது பக்கம் நகரும், அக்கா உள்ளே வந்துவிடுவாள். ஆனால் வலது ஓரத்தில் நிற்கிற மாமாவின் முகம் கடைசிக் கட்டத்தைத் தாண்டி வெளியே போய்விடும். கட்டங்களை மாற்றி வரைந்திருக்கலாம். அரைமணி நேர வேலை. விரல் விசையின் மேல் போயிற்று, நின்றது, திரும்பிவிட்டது. யார் உற்றுப் பார்க்கப்போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டார்.

அக்கா பார்த்தாள். படம் மாட்டிய அன்று எல்லோரும் ஆகா ஓகோ என்றபோது, அவள் மட்டும் கிட்டே போய், இரண்டு கட்டங்களுக்கு நடுவே இருந்த வெறும் சுவரில் விரலை வைத்தாள்.

"சுவர் நல்லா வந்திருக்குடா" என்றாள். காபியைக் குடித்தாள், தம்ளரைக் கழுவி வைத்தாள், போனாள். அதற்குப் பிறகு அந்த வாசலை மிதிக்கவில்லை. கூப்பிட்டால், "வேலை இருக்குடா." அவ்வளவுதான். சண்டை போட்டிருந்தால் மாமா காலில் விழுந்திருப்பார். சுவர் நன்றாக இருக்கிறது என்று சொன்னவளிடம் எதற்கென்று மன்னிப்புக் கேட்பது?

போன வாரம் ஒரு மத்தியானம் அக்காவின் மகள் கடைக்கு வந்தாள். வயது பதினாறு. நல்ல பெண் என்று தெருவில் ஒருவரும் தப்பித் தவறியும் சொன்னதில்லை. ஒருமுறை மாமாவின் மவுசுக்கு அடியில் டேப் ஒட்டிவிட்டு, அவர் ஒருமணி நேரம் கம்ப்யூட்டரைத் திட்டுவதை வேடிக்கை பார்த்தவள்.

"மாமா, அந்தப் படத்தைத் திருத்தித் தரணுமாம். அம்மா கேட்டாங்க."

மாமா பழைய கோப்பைத் தேடித் திறந்தார். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. அக்கா உள்ளே வந்தாள், சிரித்துக்கொண்டிருந்தாள். அவள் சிரித்ததே மாமாவுக்கு மறந்துபோயிருந்தது. வலது ஓரத்தில் ஒரு பெல்ட்டின் பாதி மட்டும் மிச்சம்.

"ஐயோ மாமா, நீ காணோம்! ஓரத்துல இன்னொரு கட்டம் போடேன்."

"வேணாம்."

"தலையில்லாம பெல்ட்டு மட்டும் நிக்குது. பேய்னு நெனைப்பாங்க."

"நெனைக்கட்டும். மூணு வருஷம் அவ நின்ன இடம்தானே."

அச்சு இயந்திரம் சத்தம் போட்டு ஓய்ந்தது. மாமா தாள்களைச் சுருட்டி ரப்பர் பேண்ட் போட்டார். கொடுக்கப்போனவர், ஏதோ தோன்றி, மவுசைத் திருப்பிப் பார்த்தார். டேப் இல்லை.

"இதுல ஒண்ணும் பண்ணலையா?"

"சத்தியமா இல்ல மாமா."

"அப்ப வேற எதுலயோ பண்ணியிருக்க." சுருளை மடியில் வைத்துக்கொண்டார். "உங்கம்மா கேட்டான்னு சொன்னியே. அவ வாய் திறந்து கேக்கிறவளா இருந்தா, அன்னைக்கே கேட்டிருப்பாளேடி."

வாயாடி மவுசை நேராகத் திருப்பி வைத்தாள். "அம்மாவுக்குத் தெரியாது மாமா, நானாத்தான் வந்தேன்."