சைபர் எடுத்த அக்கா

தொண்ணூறுகளின் கடைசியில் நாங்கள் நான்கு பேர் ஞாயிற்றுக்கிழமைப் பின்னேரங்களில் பூதம் கொல்லப் போவோம். கொம்பியூட்டரில்தான். இன்டர்நெற்றில் பலர் கூடி விளையாடுகிற விளையாட்டு அது. டோர்செட் பார்க் குடியிருப்பில் எங்கள் வீட்டுக்கு இரண்டு மாடி கீழே இருந்த அண்ணை, விமான நிலையத்தில் பொதி ஏற்றுகிறவர், கேடயத்தோடு முன்னுக்கு நின்று அடி வாங்குவார். மிசிசாகாவில் இருந்த என் நண்பன் வில்லாளி. நான் மந்திரவாதி. அண்ணையின் மனைவியை நாங்கள் அக்கா என்போம். அவர்தான் வைத்தியர், காயப்பட்டவர்களைக் குணப்படுத்திக்கொண்டே இருப்பார். ஒரே அறையில் இரண்டு கொம்பியூட்டர், அவற்றுக்கு இன்டர்நெற் வர இரண்டு ரெலிபோன் லைன். முதுகுக்கு முதுகு காட்டி இருந்து விளையாடிய அந்தத் தம்பதியைப்போல ஒற்றுமையானவர்களை நான் அந்தக் கட்டடத்தில் கண்டதில்லை.

அதைக் குலைத்தவன் நான்.

யார் யாரை எவ்வளவு அடித்தார்கள் என்பதை அந்த விளையாட்டு வரி வரியாக ஒரு கோப்பில் எழுதிவைக்கும். அதை வாசித்து ஆளுக்காள் கூட்டிப் பட்டியலாகத் தருகிற ஒரு சின்னப் புரோகிராம் எழுதினேன். குழுவின் குறைகளைக் கண்டுபிடித்துத் திருத்துவதுதான் நோக்கம் என்று எல்லோருக்கும் சொன்னேன். மந்திரவாதிதான் முதலாவதாக வருவான் என்று எனக்கு முன்கூட்டியே தெரிந்திருந்ததைச் சொல்லவில்லை.

முதல் கிழமை நன்மைதான் நடந்தது. நண்பன் மாதக்கணக்காகப் பிழையான அம்புகளை எய்துகொண்டிருந்தது தெரியவந்தது. அவன் திருத்திக்கொண்டான். அடுத்த கிழமையே என்னை முந்தினான். அது நான் எதிர்பார்த்த திருத்தம் அல்ல.

அண்ணை மூன்றாவதாக வந்ததைத் தாங்கிக்கொள்ளவில்லை. ரெலிபோனில் கூப்பிட்டார்.

"தம்பி, நான் முன்னுக்கு நிண்டு அடி வாங்கிறன். அது எங்கை உன்ர லிஸ்ற்றில?"

"வாங்கின அடியை அது எண்ணாது அண்ணை. குடுத்த அடியைத்தான் எண்ணும்."

"அப்ப நான் ஏன் வாங்கோணும்?"

மூன்றாம் ஞாயிறு அவர் கேடயத்தை விற்று, இரண்டு கையாலும் பிடிக்கிற பெரிய வாள் ஒன்றோடு வந்தார். பட்டியலில் முதலாவதாகவும் வந்தார். அன்று பதினொரு தரம் செத்தார். அவரைச் சாகவிட்டது அக்கா என்று நாங்கள் மூவரும் ஒருமனதாகத் தீர்மானித்தோம். அக்காவின் பெயருக்கு நேரே ஒவ்வொரு கிழமையும் சைபர்தானே கிடந்தது.

"உவ சும்மாதான் நிக்கிறா" என்று அண்ணை சிரித்துக்கொண்டுதான் சொன்னார். நாங்களும் சிரித்தோம்.

நான்காம் ஞாயிறு எங்கள் வீட்டு ரெலிபோன் லைனை அம்மா கதைக்கப் பிடித்துக்கொண்டுவிட்டபடியால், நான் கீழே இறங்கி அண்ணை வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு குகை வாசலில் அண்ணையை ஒரு பூதம் மிதித்துக்கொண்டிருந்தது.

"இஞ்சேரும், என்னைக் கொஞ்சம் சுகமாக்கும்!"

அக்கா திரும்பவில்லை. "நான் உங்கட குறூப்பில இல்லை."

"என்ன?"

"போன கிழமையே விட்டிட்டன். இது வேற ஆக்கள். என்னை வைத்தியராக் கேட்டு எடுத்தவை."

நான் எட்டிப் பார்த்தேன். அக்காவின் திரையில் முன்பின் தெரியாத ஆறு பேர் கடற்கரை ஒன்றில் சண்டை பிடித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவருக்கும் ஒரு கீறல் இல்லை. ஒவ்வொரு சண்டை முடிவிலும் அவர்கள் அக்காவுக்கு நன்றி என்று தட்டினார்கள். எங்கள் குழுவில் அந்தச் சொல்லைத் தட்டிய ஞாபகம் எனக்கு இல்லை. இரண்டடி தள்ளி அண்ணை செத்தார்.

அடுத்த இரண்டு கிழமையும் எங்களால் அந்தக் குகை வாசலைத் தாண்ட முடியவில்லை. பிறகு அண்ணை என்னைக் கூப்பிட்டுக் குரலைத் தணித்துக் கேட்டார். "நான் முதலாவதா வந்த லிஸ்ற்றை ஒருக்கா பிரின்ற் எடுத்துத் தாறியே? உவ விளையாடுற குறூப்பில சேரக் கேக்கப் போறன்."

கொண்டுபோய்க் கொடுத்தேன். அதை அவர் வேலைக்கு விண்ணப்பிக்கிறவரைப்போல மனைவியிடம் நீட்டினார். அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுவதையும் வாசித்தார்.

"எத்தினை தரம் செத்தனீங்கள் எண்டு இதில இல்லையே" என்றார்.

அண்ணை என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன்.

"அவைக்கு வாளோட நிறையப் பேர் இருக்கினம். முன்னுக்கு நிண்டு அடி வாங்கிறதுக்குத்தான் ஆள் இல்லை" என்றார் அக்கா. "கேடயத்தைத் திருப்பி வாங்குங்கோ. கேட்டுப் பாக்கிறன்."

அண்ணை அன்றைக்கே வாங்கினார். மறு ஞாயிறே கடற்கரையில் அடி வாங்கத் தொடங்கிவிட்டார். சந்தோஷமாக இருக்கிறார் என்று கேள்விப்பட்டேன். மந்திரவாதி வேண்டுமா என்று நானும் அக்காவிடம் கேட்டுப் பார்த்தேன். "சொல்லிவைக்கிறன்" என்றார். சொன்னாரோ தெரியாது.

நானும் மிசிசாகா நண்பனும் அதற்குப் பிறகும் ஒரு மாதமளவு தனியே விளையாடினோம். பூதங்களை விட்டுவிட்டு முயல்களை அடித்தோம். புரோகிராம் பிழையில்லாமல் வேலை செய்தது. இரண்டே பேர் உள்ள அந்தப் பட்டியலில் ஒவ்வொரு கிழமையும் நான் இரண்டாவதாக வந்தேன்.